பாதத்தில் தேடிய துடிப்பு

என் வீட்டுக்காரர் சரக்குத் தோணியை ஓட்டும் தண்டலாக இருந்து, ஆட்களை மேய்த்துக்கொண்டு மாலத்தீவு வரை போய்வந்தவர். புயலுக்கே அசராத மனுஷனைச் சர்க்கரை காலில் பிடித்தது. தெருமுனை போவதற்குள் கெண்டைக்கால் இறுகிவிடும். வலது பாதம் சித்திரை வெயிலிலும் சில்லென்று கிடக்கும். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, பாதத்தில் நாடி கைக்குச் சிக்கவில்லை என்றார் டாக்டர். இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் மீன் எண்ணெய் மாத்திரை டப்பாக்களை வாங்கி அனுப்பினான். மீன் விற்கும் ஊருக்கு மீன் எண்ணெய் கப்பலேறி வருகிறதே என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் வேளை தவறாமல் கொடுத்தேன்.

டாக்டரிடம் டப்பாவைக் காட்டியபோது, "இத நம்பி உட்கார்ந்துராதீங்கம்மா. நான் குடுத்த மாத்திரையும் நடையும்தான் முக்கியம். வலிச்சா நிக்கணும், அடங்கினதும் திரும்ப நடக்கணும்" என்றார்.

நடந்தோம். அவருக்கு வலி வந்து நிற்கிற இடம் சொல்லிவைத்த மாதிரி மக்ரூன் விற்கும் மிட்டாய்க் கடை வாசலாகவே இருக்கும்.

"ஏளா, பாக்கிறவன் பூரா நான் மக்ரூன் திங்க நிக்கேன்னுல்லா நினைப்பான்" என்று என் மேல் பாய்வார்.

"நினைச்சிட்டுப் போறான். நில்லுங்க" என்று நானும் கத்துவேன். பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன், வேறெப்படிப் பேசுவது?

தினமும் காலையில், டாக்டர் தொட்ட அதே இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மாதாவே, ஒரே ஒரு துடிப்புக் கொடு என்று கெஞ்சுவேன். ஒருநாள் ஆத்திரத்தில் நன்றாக அழுத்தினேன். துடித்தது.

"வந்துட்டுங்க! நாடி வந்துட்டு!" என்று கூவினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மாத்திரையா, நடையா, மாதாவா, யார் கொடுத்தால் என்ன? அன்றிலிருந்து தினமும் துடித்தது.

அடுத்த முறை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தொட்டுப் பார்த்தார், கருவியை வைத்தும் பார்த்தார். பிறகு, "நீங்க எப்படிப் பார்க்குறீங்க? காட்டுங்க" என்றார். காட்டினேன்.

"இவ்வளவு அழுத்தினா உங்க விரல்ல ஓடுற துடிப்புதாம்மா தெரியும். இன்னொரு கையால உங்க கழுத்து நாடியத் தொட்டுக்கிட்டே பாருங்க. ரெண்டும் ஒண்ணா துடிச்சா அது அவரோடது இல்ல, உங்களோடது."



மறுநாள் காலையில் அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்து மெல்லத் தொட்டேன். ஒன்றுமில்லை. மனசு கேட்காமல் அழுத்தினேன். துடித்தது. இடது கையால் என் கழுத்தைத் தொட்டேன். இரண்டும் ஒன்றாகத் துடித்தன.

"ஏளா, இருக்கா?" என்று கேட்டார்.

"ஷூவ மாட்டுங்க, நடப்போம்" என்றேன்.