எண்ணெய்த் தலையோடு காட்டுக்குப் போனது

அன்றைக்கு காரில் இருந்தது மொத்தம் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், பத்தாம் வகுப்பு பரீட்சை முடித்திருந்த எங்கள் மகள், கார் ஓட்டிய கொழுந்தன், முன் சீட்டில் அவர் பெண்டாட்டி.

கொழுந்தன் பெண்டாட்டி திருநெல்வேலியில் டீச்சர். எங்கள் மகளைத் தன் வீட்டில் வைத்து பிளஸ் ஒன் படிக்க வைக்கட்டுமா என்று ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் தேசியப் பூங்காவுக்கு எல்லோருமாகப் போய்விட்டு வரும்போது பதில் சொல்கிறேன் என்று நான்தான் தள்ளிப் போட்டேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதை வைத்து நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றால் பொய்.

பூங்காவுக்குள் அருவி இருக்கிறது என்று கொழுந்தன் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து விடுகிற வேலை பார்க்கிறவர். எங்களுக்கு அருவி என்றால் முதலில் எண்ணெய். விடியக்காலமே மகள் தலையில் நல்லெண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம். சீயக்காய்ப் பொட்டலம், துண்டு, வெளித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதோ என்ற பயத்தில் ஆறு பாட்டில் தண்ணீர், எல்லாம் பையில் இருந்தது. டீச்சர் தலைக்கு ஷாம்பு போட்டு விரித்துவிட்டு வந்து ஏறினாள். செங்கோட்டை தாண்டும் வரைக்கும் அந்த முடி காற்றில் பறந்து பின் சீட்டு வரைக்கும் மணந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பூங்கா வாசலில் பாட்டிலுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது ரூபாய் கட்ட வேண்டும், திரும்பும்போது ஸ்டிக்கரோடு பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். காட்டில் யாரும் பிளாஸ்டிக்கைப் போட்டுவிடக் கூடாதாம். நான் பர்ஸைத் தேடுவதற்குள் டீச்சர் கட்டிவிட்டாள். அவள் கையில் ஒரே ஒரு ஸ்டீல் பாட்டில். அதற்கு ஸ்டிக்கரும் இல்லை, காசும் இல்லை.

உள்ளே பார்வையாளர் மையம் என்று ஒரு பெரிய ஹால். மலைகளைச் சிறிதாகச் செய்து வைத்திருந்தார்கள். பொத்தானை அமுக்கினால் ஆறு ஓடும் இடத்தில் நீல விளக்கு எரிந்தது. சுவர் முழுக்க எழுத்து, மலையாளத்திலும் இங்கிலீஷிலும். நான் ஏழாவதோடு நின்றவள். மகள் ஒவ்வொரு இங்கிலீஷ் போர்டாக எழுத்துக் கூட்டிக்கொண்டு போனாள். டீச்சர் கூடவே நடந்தாள், தடுமாறும் இடத்தில் மட்டும் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை அதையே திருப்பிச் சொன்னது. பதினைந்து வருஷமாக நான் கற்றுக்கொடுத்த ஒன்றையும் இந்தப் பிள்ளை இத்தனை ஆசையாகத் திருப்பிச் சொன்னதில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

நான் வாசிக்கிற மாதிரி ஒரே ஒரு போர்டுதான் தமிழில் இருந்தது. ‘அருவியில் குளிக்கக் கூடாது. பார்க்க மட்டும்.’

“நம்ம ஆளுகளுக்குன்னே எழுதி வச்சிருக்கான்” என்றார் என் வீட்டுக்காரர், தலையைத் தடவிக்கொண்டே.

“அப்ப இந்த எண்ணெய எங்க கொண்டு போய் கழுவ?”

“என்னைய கேட்டா? நீதான விடியுமுன்ன காய்ச்சுன.”

கொழுந்தன் திரும்பி நின்று சிரித்தார். “மதினி, பொரிக்கதுக்கு அப்பளம் கொண்டாந்திருக்கியளா?”

மலை அணில் ஒன்றைப் பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மகள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண்ணாடியில் அவள் நெற்றி அகலத்துக்கு எண்ணெய்த் தடம். அங்கே நின்ற ஊழியப் பெண் அதைப் பார்த்தாள். டீச்சர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது பரவியது.

மகளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. என் பக்கம் திரும்பவில்லை. “சித்தி, உங்க ஷாம்பு என்ன ஷாம்பு?” என்று கேட்டாள்.

“நம்ம வீட்டுக்கு வா, நானே தேச்சு விடுதேன்.”

“சரி சித்தி.”

அங்கேயே தீர்மானித்துவிட்டேன். அனுப்பப் போவதில்லை. படிக்க வேண்டுமென்றால் தென்காசியிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. அருவியை எல்லோரும் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். சாரல் மட்டும் மேலே பட்டது. எண்ணெய்த் தலையில் அது முத்து முத்தாக நின்றது, உள்ளே இறங்கவில்லை.

கார் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் மகள் கண்ணைக் கசக்கினாள். எண்ணெய் வழிந்து கண் சிவந்திருந்தது. கழுவாத எண்ணெய் காய்ச்சலில் கொண்டு போய் விடுமோ, கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று எனக்கு அடித்துக்கொண்டது.

“ஏட்டி, இங்கன வா. குனி.”

ஆறு பாட்டிலையும் திறந்தேன். சீயக்காயைக் குழைத்துத் தேய்த்து, ஒவ்வொன்றாக ஊற்றினேன்.

“மெல்லம்மா. கண்ணு.”

“மூடிக்கிடு.”

நாலாவது பாட்டில் ஊற்றும்போது, குனிந்த தலையோடு கேட்டாள். “நான் சித்தி கூட போட்டுமாம்மா?”

முகம் தெரியவில்லை. என் விரல் அவள் முடிக்குள் இருந்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் கேட்டிருந்தால் அனுப்பமாட்டேன் என்றிருப்பேன்.

“போ” என்றேன்.

நிமிர்வதற்குள் டீச்சர் துண்டோடு வந்து நின்றாள். அவளே துவட்டினாள். எனக்கு மறுபடியும் எரிந்தது. சொன்ன சொல்லை விழுங்கிவிடலாமா என்று கூட இருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பாட்டில்களைப் பொறுக்கினேன்.

வாசலில் காவலர் ஆறையும் உருட்டிப் பார்த்தார். என் எண்ணெய்க் கைக்கும் தண்ணீருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுகூடத் தங்கவில்லை.

“ஸ்டிக்கர் இல்லெங்கில் பைசா இல்லா” என்றார்.

“விடுங்கக்கா” என்றாள் டீச்சர்.

“நான் தந்துருவேன்” என்றேன்.

ஜூனில் மகள் போனாள். இப்போது முடியைத் தோள் வரைக்கும் வெட்டியிருக்கிறாள், எண்ணெய் வைப்பதில்லை. லீவுக்கு வந்து போகும்போது இரண்டு தடவை அந்தப் பணத்தை அவள் பையில் வைத்து அனுப்பினேன், சித்தியிடம் கொடுத்துவிடு என்று. இரண்டு தடவையும் நான் மடித்த மடிப்பிலேயே திரும்பி வந்தது. வாங்கிக்கொண்டால் டீச்சருக்கு என்ன குறைந்துவிடும்? என் பிள்ளையை வைத்திருக்கிறவளுக்கு நான் கடன்காரியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது, நூற்று இருபது ரூபாய்.