மீன் பெட்டியில் போன இன்சுலின்

வெள்ள நிவாரண லோரி ஓட்டுகிறவனுக்கு ஆர்மி ஒரு முதலாளி, சங்கம் ஒரு முதலாளி. ஏதாவது கேள்வி கேட்டால் மட்டும் இரண்டு பேருமே அவனுக்கு முதலாளி இல்லை. என்னைப் போல ஸ்டீரிங் பிடித்து அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும்.

யார் ஏறலாம்

பாகான் செராய்க்குப் போகும் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். என் அக்கா அங்கே ஒரு பள்ளி மண்டபத்தில் தங்கியிருந்தார். இனிப்பு நீர்க்காரர். அவருடைய ஊசி மருந்து வீட்டோடு முழுகிவிட்டது. புந்தோங்கிலிருந்து அரிசி, பாய், அக்காவுக்கு இன்சுலின் எல்லாம் என் லோரியில் வந்தன.

சாமான் அனுப்பிய சங்கத்தின் செயலாளர் போனில், "நம்ம ஆளு கையாலதான் கொடுக்கணும்" என்றார். ஆர்மி சார்ஜனோ சாமான்களைத் தன் உயரமான டிரக்கில் ஏற்றச் சொன்னார். நம்ம ஆள் நான்தானே என்று நானும் ஏறப் போனேன். சார்ஜன் தடுத்து மலாயில் சொன்னார்: "அங்கிள், சாமான் ஏறலாம். அங்கிள் ஏறக் கூடாது."

யார் பொறுப்பு

டிரக் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா போன் செய்தார். ஆர்மி டாக்டரிடம் கேட்டால், மருந்து சங்கத்துப் பொறுப்பாம். மண்டபத்தில் இருந்த சங்கத்துப் பெண்ணிடம் கேட்டால், ஆர்மி டாக்டர் பொறுப்பாம். காலை ஊசி போடாமல் தலை சுற்றுகிறது என்றார். எனக்கு ஊசி போட்டும் சுற்றியிருக்கும்.

"எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க தம்பி. ஊசிதான் இல்ல."

யார் திறப்பது

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. குளிர்ச்சி போகக் கூடாது என்று செயலாளர் மார்க்கெட்டில் ஒரு வெள்ளை மீன் பெட்டி வாங்கி, ஐஸ் போட்டு மருந்தை வைத்திருந்தார். மூடியில் மலாயில் 'ஈக்கான்', அதாவது மீன் என்று கொட்டை எழுத்து. மருந்து என்று நான் வாயால் சொன்னபோது பெட்டியை டிரக்கில் ஏற்றிய சிப்பாய் தலையாட்டினார். எதற்கு ஆட்டினாரோ தெரியவில்லை.

அக்காவை விசாரிக்கச் சொன்னேன். பெட்டி சமையலுக்குப் போயிருந்தது. சமைத்தவர்கள் கார்த்திகை விரதக்காரர்கள். மீன் என்று நினைத்து, தொடாமல் குழாயடியில் தள்ளி வைத்திருந்தார்கள். அக்காவும் மாலை போட்டவர். "நீங்களே திறங்கக்கா" என்று கெஞ்சினேன். போனை வைத்துவிட்டுப் போனார். கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"மருந்து இருக்கு, டாக்டரு ஊசி போட்டுட்டாரு. ஆனா மாலை போட்டவள மீன் பெட்டிக்குள்ள கைவிட வச்சிட்டல்ல, நல்லா இருப்படா, நீயும் உன் சங்கமும்."

ஆர்மியும் சங்கமும் அருமையாக ஒத்துழைத்தார்கள் என்று செயலாளர் இன்றும் மேடையில் பேசுகிறார், அவருக்கு நான் இன்றும் வணக்கம் வைப்பதில்லை, எனக்கு அக்கா இன்றும் மீன்குழம்பு வைப்பதில்லை.