மெட்ராஸ் எங்கே ஆரம்பிக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸுக்குள் போய், மறுபடி மெட்ராஸை விட்டு வெளியே வந்து, ஒரு மாப்பிள்ளை வீட்டைப் பார்த்தோம். குழப்புகிறேனா? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

என் மனைவியின் அண்ணன் கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறார். எனக்கு மச்சான். மனைவியை இழந்தவர். ஒரே பெண், கலா. 'சென்னை மாப்பிள்ளை, சொந்த வீடு' என்று தரகர் சொன்னதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு காலையில் பஸ் ஏறினார்.

செங்கல்பட்டு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் 'ஊரப்பாக்கம்' என்று குரல் கொடுத்தார். மாப்பிள்ளை வீடு இருப்பது ஊரப்பாக்கத்தில்தான். நான் எழுந்தேன். மச்சான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மெட்ராஸே இன்னும் வரல. அதுக்குள்ள எப்புடி மச்சான் மாப்ள வீடு வரும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது! கோயம்பேடு வரை போனோம். அங்கே விசாரித்து, வந்த வழியிலேயே இன்னொரு பஸ்ஸில் திரும்பி... ஊரப்பாக்கத்தில் இறங்கும்போது உச்சி வெயில்.

ஊர் எப்படி? ஏரியை ஒட்டி வரிசையாகப் புது நகர்கள். ரோடு இன்னும் போடவில்லை, ஆனால் ஒவ்வொரு நகருக்கும் ஆர்ச் இருக்கிறது. பாதி வீடுகளின் மொட்டைமாடியில், அடுத்த மாடிக்காக விட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. வழி கேட்டால், பதிலுக்கு 'நீங்க எந்த ஊரு?' என்கிறார்கள். ஒருவர் திண்டிவனம், ஒருவர் மன்னார்குடி, ஷேர் ஆட்டோ ஓட்டியவர் சேத்தியாத்தோப்பு. ஊரப்பாக்கத்துக்காரர் என்று ஒருவர்கூட அகப்படவில்லை. பொங்கலுக்குத் தெருவே காலியாகிவிடுமாம்.

"இதுவா மச்சான் சென்னை? நம்ம செம்மண்டலம் தேவல." மச்சான் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

நான் எப்படி ஆமாம் போடுவேன்? எனக்கு ஊர், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கீரப்பாளையம். வெளியூரில் யாராவது கேட்டால் 'சிதம்பரம்' என்றுதான் சொல்வேன். ஓரத்தில் இருப்பவர்கள் எல்லோருமே பெரிய ஊரின் பெயரைத்தான் சட்டையில் குத்திக்கொள்கிறோம்.

மாப்பிள்ளை வீடு சிறியது, சுத்தமாக இருந்தது. பையன் கிண்டிக்கு வேலைக்குப் போகிறான். சென்னை என்றார்களே என்று மச்சான் நேராகவே கேட்டுவிட்டார். தரகரிடம் ஊரப்பாக்கம் என்றுதான் சொன்னதாகவும், சென்னை அவராகச் சேர்த்துக்கொண்டது என்றும் பையன் பதறாமல் சொன்னான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அவன் அம்மா இலை போட்டுவிட்டார். அங்கேதான் சிக்கல். சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். காபியோடு சரி. சாப்பிட உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். மச்சானுக்கோ நல்ல பசி. அதைவிட, தெருவில் சொல்லிவிட்டு வந்த 'சென்னை'! பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்று செல்போனோடு மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

புலம்பல் முழுவதையும் கேட்டுவிட்டுக் கலா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

"அங்க நம்ம ஊரு பஸ்ஸு நிக்குமாப்பா?"

"நிக்குது. எங்கள எறங்கத்தான் சொன்னாங்க. நாந்தான் எறங்கல."

"அப்புறம் என்னப்பா? மெட்ராஸ் உள்ள குடுத்தீன்னா, நீ என்னைப் பாக்க கோயம்பேடு போயி அலையணும். அங்கன்னா காலைல ஏறுனா மத்தியான சோத்துக்கு எங்க வூட்ல இருப்ப. அவரும் உண்மையத்தான சொல்லியிருக்காரு. சாப்ட்டுட்டு வா."

அந்த மாடியிலும் நின்ற துருப்பிடித்த கம்பி ஒன்றை மச்சான் பிடித்துக்கொண்டார். மனைவி போன பிறகு அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். நகரத்தின் ஓரம் என்று நாங்கள் முகம் சுளித்த இடம், அந்தப் பெண்ணுக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம். இப்படி ஒரு கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லையே!

கீழே வந்தார். "கை கழுவத் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறினோம். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். மச்சான் என் பக்கம் திரும்பாமல் பதில் சொன்னார்.

"மெட்ராஸ்லேர்ந்து. பொண்ணக் குடுக்குறோம்."