வரைபடத்தில் ஆறாவது வீடு

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு ராவாங்கிலிருந்து கிளம்பினோம். நான், என் மனைவி சாந்தி, பின் இருக்கையில் ஒரு பை நிறைய மகள் யாழினியின் கல்யாணப் பத்திரிகைகள். பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ், சுங்கைவே, கிள்ளான் என்று ஒரு சுற்று. இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள், சொந்தக்காரர் வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கப் போய்ப் பார்க்காதவர்கள்.

யாழினி என் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தாள். செய்ய வேண்டிய வேலைகளை அது வரைபடத்தில் குறித்து வைக்கும். இடத்தை நெருங்கினால் மணியடிக்கும். எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும் என்று எண்ணும் போட்டுக் கொடுக்கும். "மூளைய வீட்டுல வச்சிட்டுப் போங்கப்பா, இது பாத்துக்கும்" என்றாள். அப்படியே செய்தேன். அதனால் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் பத்திரிகை பத்துமலை முருகனுக்கு. அடிவாரத்திலேயே கும்பிட்டு வைத்துவிட்டோம். படியேற சாந்தியின் புதுச் செருப்பு சம்மதிக்கவில்லை. அடுத்தது, அவள் கணக்கில், கிள்ளானில் இருக்கும் அவள் அண்ணன் பெருமாளுக்கு. பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டிய தாய்மாமன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி தவறிய பிறகு தனியாக இருக்கிறார். மரியாதை விஷயத்தில் மகா கறார். ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்கு முதலில் பாயசம் ஊற்றினார்கள் என்று எழுந்து போனவர். வரிசை தப்பினால் மணவறைக்கு வரமாட்டார். செயலியோ அவர் வீட்டுக்கு ஆறாம் எண் கொடுத்திருந்தது. மொத்தமே ஆறு வீடுதான்.

"நேரா கிள்ளான் போங்க" என்றாள் சாந்தி.

"தட்டுல வைக்கப் பூ, பழம் வேணாமா? பிரிக்பீல்ட்ஸ் வழியாப் போனா வாங்கிடலாம். செயலியும் அதத்தான் சொல்லுது."

"கிள்ளான்ல பூ இல்லையா? அங்கயும் ஒரு லிட்டில் இந்தியா இருக்கு லா!"

நான் கேட்டால்தானே.

ஒன்பது மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ். காரை நிறுத்த இடம் தேடியே இரண்டு முறை சுற்றினோம். மல்லிகைச் சரம் பத்து ரிங்கிட் என்றார் பூக்கார அக்கா. நான் பேரம் பேசத் தொடங்கியபோது பையில் செயலி மணியடித்தது. சித்தப்பா மனைவி கமலா சித்தியின் அடுக்குமாடி பக்கத்தில்தான் இருக்கிறது. அதை அணைக்கக் கைவிட்டுத் துழாவுகையில் பின்னால் ஒரு குரல்.

"டேய் மணி! இவ்ளோ தூரம் வந்துட்டு வீட்டுக்கு வரலையா?"

சித்தியேதான், கையில் கீரைக்கட்டோடு. அவர் கண் என் முகத்தில் நிற்கவில்லை; நேராகப் பத்திரிகைப் பைக்குப் போனது. கொடுக்காமல் நகர்ந்தால் சித்தி ஜென்மத்துக்கும் பேசமாட்டார். கொடுத்தால் மச்சான். சாந்தி என் முழங்கையைக் கிள்ளினாள். வலி தாங்காமல் பத்திரிகையைக் கொடுத்துவிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க சித்தி."

"நான் யார்கிட்டடா சொல்லப் போறேன்?"

கூட்டரசு நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. ஒரு கையில் பத்திரிகை, மறு கையில் கீரை. கீழே, 'முதல் பத்திரிகை எனக்குத்தான்.' பிறகு இருபது கும்பிடுகள்.

"அண்ணன் பாத்துட்டாரு" என்றாள் சாந்தி. "என் பக்கத்து ஆளுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி உங்க பக்கத்துக்கு வச்சாச்சு. யாழினிய யாரு கைபிடிச்சுக் கூட்டிட்டு வருவா? இந்தப் போனா?"

சுங்கைவே அருகே நெரிசலில் மாட்டிக்கொண்டோம். அங்கிருக்கும் என் நண்பன் வீட்டுக்காக மணியடித்தது. கார் நகரவில்லை, மறுபடியும் அடித்தது. அணைத்தால் வழி காட்டவும் ஆளில்லை.

பத்தரைக்குக் கிள்ளான். மச்சான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டுச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

"வா மாப்ளே. பிரிக்பீல்ட்ஸ்ல ஜாம் எப்படி?"

தட்டை நீட்டினோம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்; பத்திரிகையைப் பிரிக்கவில்லை. பழியைச் செயலி மேல் போட்டுவிடலாம் என்று வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நான் ஆறாவதா?"

காட்டியிருக்கவே கூடாது.

"இது எங்கேருந்து கணக்குப் போடுது?"

"கிளம்புற எடத்துலேருந்து மச்சான். ராவாங்."

"அப்ப கிளம்புற எடத்த இங்க மாத்து."

மாற்றினேன். கோடுகள் எல்லாம் அழிந்து புதிதாக விழுந்தன. அவர் வீடு ஒன்றாம் எண்ணானது. மச்சான் தலையாட்டிவிட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, காரின் முன் கதவைத் திறந்தார்.

"எங்கண்ணே போறீங்க?"

"பின்ன? தாய்மாமன் இல்லாம நீங்க ரெண்டு பேர் மட்டும் போய் அழைப்பீங்களா?"

"உங்களுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்குன்னுதான்..."

"முட்டி கார்ல உக்காந்துதானே வரும்? ஏழு மணிக்கே உடுத்திட்டு உக்காந்திருக்கேன், பாப்பா. கார்டு முக்கியமா? அத போஸ்ட்ல அனுப்பலாம் லா. நீங்க வந்து என்னை ஏத்திட்டுப் போவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

சாந்தி அழுதுவிட்டாள். எனக்கும் வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதரின் கோபத்துக்குப் பயந்தேனே தவிர, அவர் காத்திருப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பிறகு மச்சான் முன் இருக்கையில் அமர்ந்து ஆட்சி நடத்தினார். எல்லா வீட்டிலும் முதலில் இறங்கியவர் அவர்தான். பிரிக்பீல்ட்ஸில் சித்தி வீட்டுக் கதவையும் தட்டினோம். கொடுத்த பத்திரிகையை வாங்கி, முறைப்படி மறுபடியும் மச்சான் கையால் வைத்தோம். ஏற்கெனவே முடிந்த வேலை என்று செயலி அதைப் பதிய மறுத்தது. சித்திக்கு அந்தத் தயக்கம் இல்லை. 'இரண்டாம் முறையும் முதல் பத்திரிகை எனக்குத்தான்' என்று குழுவில் போட்டார்.

மாலை ஆறு மணிக்கு மச்சானைக் கிள்ளானில் இறக்கிவிட்டோம். கதவைச் சாத்தாமல் நின்றார். "இன்னும் யாரும் பாக்கி இல்லையா? நல்லா பாரு மாப்ளே."

யாரும் இல்லை. அவர் உள்ளே போனதும் அவர் வீட்டின் மேலேயே 'மச்சானைப் பார்க்கணும்' என்று புதிதாக ஒரு வேலையைக் குறித்தேன். எவ்வளவு நெருங்கினால் மணியடிக்க வேண்டும் என்று செயலி கேட்டது. இருப்பதிலேயே பெரியது ஐம்பது கிலோமீட்டர். அதையே அழுத்தினேன்.

ராவாங்கில் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அங்கேயும் செயலி மணியடித்தது.

"அண்ணனா?" என்றாள் சாந்தி. "வந்து சேந்துட்டோம்னு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க."