கண்டக்டரின் இரண்டு முன்பற்கள்

"அக்கா மௌத்தாயிட்டாங்கண்ணே" என்று டாக்டர் நசீமாவின் தம்பி தொலைபேசியில் சொன்னபோது, நான் ஒருவரின் பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோரிப்பாளையத்தில் அவரிடம் வாய் திறந்து காட்டியவர்கள் அனைவருக்கும் இதற்குள் மரணச் செய்தி தெரிந்திருக்கும். அவரோடு ஒரே கிளினிக்கில் பதினோரு ஆண்டுகள் பல் மருத்துவனாக வேலை பார்த்தவன் நான். எங்களுக்குள் நடந்த ஒரு போட்டியை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான்காண்டுகளுக்கு முன், ஒத்தக்கடை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பாண்டி எங்களிடம் வந்தார். ஊர்த் தண்ணீரால் முன்பற்கள் இரண்டும் பழுப்பேறியிருந்தன. கையால் வாயை மூடியபடியே பேசினார்.

"பொண்ணு பாக்கப் போன ரெண்டு எடத்துல பல்லப் பாத்துட்டு வேணாம்னுட்டாக டாக்டரம்மா."

பல்லின் நிறமுள்ள காம்போசிட் பசையைப் பல்லின் மேலேயே அடுக்கடுக்காகப் பூசி, ஒளி காட்டி இறுகவைத்து, ஒரே நாளில் முடிப்பது நசீமாவின் முறை. பல்லை அச்செடுத்து, அந்த மாதிரியின் மேல் அதே பசையில் மெல்லிய தகடு செய்து, பிறகு பல்லில் ஒட்டுவது என் முறை. எது சிறந்தது என்று எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். பாண்டியின் சம்மதத்தோடு ஆளுக்கொரு பல் செய்தோம்.

பெண் முடிவாயிற்று. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில், நான் ஒட்டிய தகட்டை டிக்கெட் தாளில் மடித்து எடுத்து வந்தார் பாண்டி. விசில் ஊதும்போது கழன்றுவிட்டதாம். முகம் வாடியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

"உங்க முறையிலயே இதையும் செஞ்சிருங்க" என்றேன் நசீமாவிடம்.

அவர் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதுல குறையில்லண்ணே. உள்பக்கத்த வழுவழுன்னு விட்டுட்டீங்க. பிடிமானம் எப்படி வரும்? சொரசொரப்பாக்கி நீங்களே ஒட்டுங்க."

ஒட்டினேன். பாண்டி கல்யாண மேடையில் வாயை மூடாமல் சிரித்ததை இருவரும் பார்த்தோம்.

ஒன்றரை ஆண்டு கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். என் தகடு அப்படியே இருந்தது. நசீமா பூசியது தேநீர்க் கறையேறி, ஓரம் சற்றே உடைந்திருந்தது. அவரே பாண்டியிடம் கண்ணாடியைக் கொடுத்தார்.

"நிறத்துல அண்ணன் வேலதான் ஒசத்தி. ஒடஞ்சா ஒக்காந்த எடத்துலயே சரிபண்றதுல நான்."

அரை மணி நேரத்தில் சரிசெய்தும் விட்டார். அதற்குப் பிறகு கறைப் பற்கள் என்னிடமும் உடைந்த பற்கள் அவரிடமும் வந்தன.

"அழகு எம்புட்டு நாளைக்குன்னு மொதல்லயே சொல்லிரணும்" என்பார். அதைச் சொல்லாமல் அவர் எந்தப் பல்லையும் தொட்டதில்லை.

இன்னொருவர் வேலை என்னுடையதைவிட நன்றாயிருந்தால், நோயாளியின் எதிரிலேயே அதை என்னால் இப்போது சொல்ல முடிகிறது. நசீமாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.