கழுத்துப் பக்கத்துத் துளைகள்

கோலா கிளாவாங் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து சிரம்பான் ஃபேக்டரிக்கு விடியற்காலையில் பஸ் ஏறுவேன். பஸ்ஸில் ஏர்கோன் குளிர்காற்று நேராகக் கழுத்தில் அடிக்கும். அதற்காகத்தான் அந்த வெள்ளைச் சால்வையைக் கையால் பின்னினேன். நடுவில் ரப்பர் இலை வடிவத்தில் துளை துளையாக லேஸ், இரண்டு ஓரங்களிலும் முத்து முத்தாகப் புடைத்த பின்னல். ஒரு கண்ணி தவறினாலும் அந்த வரிசையையே பிரித்துவிடுவேன். பின்னும்போது யாராவது குறுக்கே பேசினால் கோபம் பொத்துக்கொண்டு வரும். பின்னி முடித்து, அலசி, மெத்தைமேல் விரித்து, வடிவம் நிற்பதற்காகச் சுற்றிலும் ஊசி குத்திக் காயவைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தால், கழுத்தில் படும் இடத்திலிருந்த துளைகளையெல்லாம் என் கணவர் கறுப்பு நூலால் இழுத்துத் தைத்திருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போட்டுக்கொண்டு போகும் கால்சட்டை கிழிந்தால் அவர் தைக்கும் அதே நூல்.

"எலி கடிச்சிருச்சின்னு நெனச்சீங்களா?" என்று கத்தினேன்.

"ஓட்ட வச்சுப் பின்னுனதுன்னு தெரியும் லா," என்றார். "பஸ்ஸுல அங்கதானே உனக்குக் காத்து அடிக்குது? வீட்டுக்கு வந்தா இருமிக்கிட்டே இருக்க."

பிரித்துவிடக் கத்தரிக்கோலை எடுத்தேன். தையல் அத்தனை நெருக்கமாக இருந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, மறுநாள் அதையே போர்த்திக்கொண்டு போனேன்.

இப்போது பச்சையில் இன்னொன்று பின்னுகிறேன். கழுத்துப் பக்கமும் துளை விட்டுத்தான் பின்னுகிறேன். அவர் தைக்கட்டும்.