பீரோவுக்குப் பின்னால் இருந்த பச்சை

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பெயின்ட் கடையில் அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ‘ரெண்டாங்கோட்டு’ என்றால்தான் தெரியும். முதல் கோட்டு அடித்ததுமே “என்னய்யா, கலர் ஒட்டவே இல்லையே!” என்று குதிக்காத வீட்டுக்காரர் உலகத்தில் உண்டா? அவர்களுக்கெல்லாம் இவர் தலையைக்கூடத் திருப்பாமல் சொல்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். “ரெண்டாவது கோட்டு காயட்டும். அப்புறம் பேசுங்க.” காய்ந்த பிறகு யாரும் வாயைத் திறந்ததில்லை.

புது வீட்டுக்கு அடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாதிச் சுவரை இடித்துக் கட்டியாச்சு, மீதிப் பாதியோடு தெரியாமல் ஒட்டணும், அன்றைக்கு அடித்த பெயின்டைத் தயாரித்த கம்பெனியோ இழுத்து மூடியாச்சு என்கிறபோதுதான் இவரைத் தேடி வருவார்கள். ஒரு கம்பெனி அட்டையில் இருக்கிற கலரை இன்னொரு கம்பெனியின் கலக்கும் மிஷினில் கொடுத்தால் அப்படியே வந்துவிடும் என்று நினைப்பவர்களைக் கண்டால் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தன் வெள்ளையில் நீலம் ஓடும், இன்னொருத்தன் வெள்ளையில் மஞ்சள் ஓடும். வெள்ளையே ஒத்துப்போகவில்லை, மற்றதெல்லாம் எங்கே ஒத்துப்போக? நகத்தளவு சுவரைச் சுரண்டி எடுத்து, மிஷின் சொல்கிறபடி கலக்கி, அட்டையில் தடவிக் காயவைத்து, கடையின் ட்யூப்லைட்டை நம்பாமல் தெருவுக்குக் கொண்டுவந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் திருத்துவார். “எங்க வேணா சுரண்டுங்கடா, பீரோவுக்குப் பின்னால மட்டும் சுரண்டாதீங்க” என்று கூட வேலை செய்பவர்களிடம் ஓயாமல் சொல்வார். வெளிச்சம் படாத சுவருக்கு வயசாவதில்லை. அதைப் பார்த்து அடித்தால் மற்ற சுவரோடு ஒட்டாது.

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

அவர் மனைவிக்குச் சில வருஷமாக மறதி வியாதி. சாவியில் ஆரம்பித்து, அடுப்பு, தெரு, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒவ்வொன்றாகக் கை நழுவிப் போனது. அதோடு சின்னவரும் போனார். சின்னவர் என்பது அவர்களுடைய மூத்த பிள்ளை. பிறந்ததிலிருந்தே பெரிய மனுஷ முழி முழிப்பான் என்று அவனுக்கு அந்தப் பேர், மரியாதையும் உண்டு. ‘சின்னவர் சாப்பிட்டாரா, சின்னவர் தூங்கிட்டாரா’ என்றுதான் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். ஆறு வயசில் காய்ச்சல் வந்து செத்துப் போனான். அதற்குப் பிறகுதான் மகள் பிறந்தாள். வருஷக்கணக்காக அவன் போட்டோவைப் பார்த்துப் பார்த்து அழுதவள், ஒருநாள் அதைக் காட்டி, “யார் வீட்டுப் புள்ளைங்க இது? களையா இருக்கான்” என்றாள். அவர் போட்டோவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். இந்தப் பாழாய்ப்போன வியாதி செய்த ஒரே புண்ணியம் இதுதான் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொள்ளவும் செய்தார்.

கடைசியில் அவளுக்கு மிச்சம் இருந்தது படுக்கையறை மட்டும்தான். அந்த வெளிறின பச்சைச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடப்பாள், அப்போது முகத்தில் பயம் இருக்காது. அதற்கும் வந்தது கேடு. மாடி வீட்டுக் குழாய் உடைந்து இரண்டு சுவர் ஊறிப்போய்க் காரை கொட்டியது. கொத்தி எடுத்து, பூசி, வெள்ளைப் பட்டி போட்டார்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் அவள் அலறிவிட்டாள். “இது யார் வீடு? என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க!” சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. தொடப்போனால் அவரையே அடித்தாள்.

மகள் வந்து பார்த்துவிட்டுப் பிடிவாதமாகச் சொன்னாள். “அப்பா, உங்களால முடியாது. ஞாயித்துக்கிழமை வருவேன். அப்பவும் அம்மா இப்படியே இருந்தாங்கன்னா முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். கோவிச்சுக்காதீங்க.”

கோபம் எங்கே வந்தது? பயம்தான் வந்தது. அங்கே எல்லாச் சுவரும் வெள்ளை.

அன்றைக்கே கத்தியை எடுத்துக்கொண்டு சுரண்ட உட்கார்ந்தார். பூச்சு வேலைக்காக நகர்த்தி வைத்த பீரோவுக்குப் பின்னால் இத்தனை வருஷம் மறைந்திருந்த சுவரைப் பார்த்தால், அடடா! தளிர்ப் பச்சை. சின்னவர் தவழ்கிற வயசில் அவரே அடித்தது, அன்றைக்கு அடித்தது போலவே இருந்தது. மற்ற சுவரெல்லாம் வெளுத்துப் போய், கை அழுக்கேறிக் கிடந்தன. நாலு சுவருக்கும் இதையே அடித்துவிட்டால் ஒட்டுகிற பேச்சே இல்லையே என்று தோன்றியது. தொழில்காரனுக்கு நல்ல கலரைப் பார்த்தால் புத்தி வேலை செய்யாது போலிருக்கிறது.

கடையில் அரை நாள் நின்று கலக்கி, இன்னொரு கம்பெனி பெயின்டில் அதைப் பிசகாமல் கொண்டுவந்தார். அடித்து, ரெண்டாவது கோட்டும் காய்ந்த பிறகு மனைவியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். அவள் சுற்றிப் பார்த்தாள். சுவரைத் தடவிச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று!

“ஜோரா இருக்குங்க” என்றாள். “சின்னவரைக் கிட்ட விடாதீங்க, ஈரச் சுவத்துல கை வெச்சிடுவார். எங்கே, ஸ்கூல் விட்டு இன்னும் வரலையா?”

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. “அவன் இல்லம்மா. செத்துப் போயிட்டான்” என்றார். பாவி மனுஷன், சொல்லியிருக்கவே கூடாது. அன்றைக்குத்தான் பிள்ளையைப் பறிகொடுத்தவள் போலத் தரையில் விழுந்து அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து, முகம் கழுவி, அறைக்குள் வந்தாள். சுவரைப் பார்த்தாள். “சின்னவர் எங்கே?” என்றாள். அதற்கப்புறம் கேட்கும்போதெல்லாம் “ஸ்கூல்ல இருக்கார், இதோ வந்துடுவார்” என்றே சொல்லிவந்தார்.

சனிக்கிழமை காலையில் அவர் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவள் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டாள். தேடி ஓடினவர், பள்ளிக்கூட வாசலில் கண்டுபிடித்தார். லீவு நாள், கேட்டில் பூட்டுத் தொங்கியது. வண்டிகள் பறக்கிற ரோட்டோரம், காலில் செருப்பில்லாமல், கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். “என் புள்ளையை உள்ளே வெச்சுப் பூட்டிட்டாங்க!”

வீட்டுக்குக் கூட்டிவந்து, பக்கத்து வீட்டு அம்மாவை அவளுக்குத் துணை வைத்துவிட்டு, வாசலில் இன்னும் எடுக்காமல் கிடந்த காரை மூட்டையை அவிழ்த்தார். கிளறிக் கிளறி, அவள் சின்னவரை மறந்திருந்த நாட்களின் வெளிறின பச்சை ஒட்டியிருந்த ஒரு சில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

“அன்னைக்கு அவ்வளவு நல்ல கலர் எடுத்துட்டுப் போனீங்களேண்ணே, இதென்ன அழுக்கு?” என்று மிஷின்காரன் சிரித்தான்.

“இந்த அழுக்குதான் வேணும்.”

கறுப்பு ஒரு சொட்டு, காவி ஒரு சொட்டு. தளிர்ப் பச்சை கண் முன்னாலேயே கிழடு தட்டியது. வீட்டுக்கு வந்து மளமளவென்று அடித்தார். பீரோவுக்குப் பின்னாலும் விடவில்லை. அவள் வாசற்படியில் நின்று, “ஏங்க, நல்ல சுவத்தைக் கெடுக்கிறீங்க? சின்னவர் வந்தா கேக்கப் போறார்” என்று கெஞ்சினாள். அவர் திரும்பவில்லை. திரும்பினால் கை நின்றுவிடும். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, ரோலர் பாட்டுக்கு ஏறி இறங்கியது.

சாயங்காலம் அவளை உள்ளே கூட்டிவந்தார். அவள் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பசிக்கிறது என்றாள். ஊட்டிவிட்ட சோற்றைத் தகராறு பண்ணாமல் சாப்பிட்டாள். நாளைக்கு மகள் வந்து பார்த்தால் இல்லப் பேச்சே எடுக்க மாட்டாள். அவர் ‘சின்னவர் எங்கே?’ என்ற அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. கடைசியில் அவருக்கே தாங்கவில்லை.

“சின்னவர் இன்னும் வரலையே” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “யாருங்க அது?”

“யாருமில்லம்மா” என்று சொல்லிவிட்டு டின்னை மூடினார். “ரெண்டாவது கோட்டு இன்னும் காயலை. சுவத்துல கை வெச்சிடாதே.”